முதலில் விசை, அப்புறம் படம்: அணுவிசை நுண்ணோக்கியில் பிள்ளைகளைப் பழக்கும் முறை

கொங்குப் பகுதிக் கல்லூரிகளில் அணுவிசை நுண்ணோக்கி வைத்திருக்கிற, அல்லது வாங்கப் போகிற ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். கேன்டிலீவர் என்ற நுண்ணிய வில்பட்டையின் முனையில் இருக்கும் கூர்நுனியால் பரப்பைத் தடவி, அந்தப் பட்டை வளைவதை லேசரால் அளந்து படம் வரைகிற கருவி அது. பால், தயிர், கஞ்சி, ஜெல், பாலிமர் படலம், உயிரணு என்று மெத்தென்ற பொருட்களை ஆராய வரும் பிள்ளைகளை அந்தக் கருவியில் எப்படிப் பழக்குவது? கோவைக்குப் பக்கத்தில் ஒரு கருவிக்கூடத்தைப் பல வருஷமாகப் பார்த்துக்கொள்கிறவள் நான். ஈரோடு, நாமக்கல், பொள்ளாச்சி, கரூர் என்று எல்லாப் பக்கமிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். வந்த முதல் நாளே கேட்பார்கள்: "மேடம், எப்பங்க படம் எடுக்கலாம்?"

படத்தைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். நான் சொல்ல வருவதில் முக்கியமானது இதுதான். சிலிக்கான் தகட்டை நுனி கொஞ்சம் அழுத்தித் தொட்டாலும் படம் வந்துவிடும், தகட்டுக்கும் ஒன்றும் ஆகாது. ஜெல்லோ பால் புரதமோ அப்படி இல்லை. அழுத்தினால் அமுங்கும், இழுத்தால் நகரும், சில சமயம் நுனியிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அப்போது திரையில் தெரிவது பாதி பொருள், பாதி நாம் அழுத்திய அழுத்தம். எத்தனை நானோநியூட்டன் விசையில் தொடுகிறோம் என்று சொல்லத் தெரியாத பிள்ளை எடுத்த படத்தை நம்பி ஒரு வரிகூட எழுத முடியாது. பாவு இழுவை சரியாக இருக்கிறதா என்று தறிக்காரர் உள்ளங்கையை வைத்தே சொல்லிவிடுவார். அந்த அளவுக்கு விசை கைக்குப் பழகின பிறகு திரையைத் திறந்துவிடுங்கள்.

கருவிக்கு முன்னால் ஒரு துளி பால்

முதல் வாரம் கருவி இருக்கும் அறைக்கே போக வேண்டாம். சாதாரண ஒளி நுண்ணோக்கி போதும். பாலை நிறையத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்து, ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் விட்டு மூடி, 40 மடங்கு லென்ஸில் பார்க்கச் சொல்லுங்கள். கொழுப்பு உருண்டைகள் ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும். 1827இல் ராபர்ட் பிரௌன் மகரந்தத்திலிருந்து வந்த துகள்களில் பார்த்த அதே துடிப்பு. கைபேசி கேமராவைக் கண்ணருகு வில்லையில் வைத்து வீடியோ எடுத்து, இமேஜ்ஜே மென்பொருளில் ஒவ்வொரு உருண்டையும் போகும் வழியைக் குறிக்கட்டும். 1 மைக்ரான் விட்டமுள்ள உருண்டை 25 டிகிரி தண்ணீரில் ஒரு நொடிக்குள் ஏறக்குறையத் தன் அளவு தூரமே நகர்ந்துவிடும். துகள் எவ்வளவு பரவும் என்று சொல்லும் ஸ்டோக்ஸ்-ஐன்ஸ்டைன் சமன்பாட்டை வைத்து அதைக் கணக்குப் போட்டு, வீடியோவில் அளந்ததோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

வெப்பம் தரும் ஆற்றலின் அளவு மனதில் பதிவதற்காகத்தான் இவ்வளவும். அறை வெப்பநிலையில் போல்ட்ஸ்மன் மாறிலியை வெப்பநிலையால் பெருக்கினால் சுமார் 4.1 பிகோநியூட்டன்-நானோமீட்டர் வரும். மென்பருப்பொருள், அதாவது இப்படி மெத்தென்ற பொருள், எல்லாமே இந்த அளவு ஆற்றலில் மடங்கும், அவிழும், ஒட்டும், பிரியும். இந்த ஒரு எண்ணைப் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும்.

அடுத்து அதே எண்ணைக் கேன்டிலீவருக்குப் போட்டுப் பார்க்கட்டும். அதன் வில் மாறிலி, அதாவது விறைப்பு, மீட்டருக்கு 0.1 நியூட்டன் என்றால், யாரும் தொடாமலே, வெறும் வெப்பத்தால் அது சராசரியாக 0.2 நானோமீட்டர் ஆடும். மீட்டருக்கு 40 நியூட்டன் உள்ள விறைப்பான கேன்டிலீவர் 0.01 நானோமீட்டர்தான் ஆடும். 'இந்த ஆட்டத்துக்குக் கீழே உள்ளதை அளக்க முடியுமா?' என்று கேட்டுவிட்டு விடுங்கள், அவர்களே பேசிக்கொள்வார்கள். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள் ஆங்கிலத்தில் சொல்லத் தயங்கி இங்கே வாயை மூடிக்கொள்வதுண்டு. தமிழிலேயே விளக்கச் சொல்லுங்கள். கட்டுரை எழுதும் ஆங்கிலம் பின்னால் வரும், கணக்கு இப்போதே புரிந்தாக வேண்டும்.

கை வேலை

மைக்கா என்பது மாதிரியை மேலே வைக்க உதவும், அடுக்கடுக்காக உரியும் கனிமத் தகடு. அதை உரிப்பதிலிருந்து தொடங்குங்கள். ஒட்டு நாடாவை மைக்காத் தகட்டின் மேல் அழுத்தி ஒட்டி, ஒரு மூலையிலிருந்து ஒரே சீராக இழுத்தால் மேல் படலம் முழுசாக நாடாவோடு வரும். அடியில் இருப்பது அணு அளவில் தட்டையான, புத்தம் புதிய பரப்பு. நாடாவில் மேல் படலம் முழுசாக உரிந்து வந்திருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். ஓட்டை இருந்தால் பரப்பில் படிக்கட்டு இருக்கிறது என்று அர்த்தம். மறுபடியும் உரிக்கலாம்.

அப்புறம் இடுக்கி. நுனி இருக்கும் சில்லு நீளம் 3.4, அகலம் 1.6 மில்லிமீட்டர்தான். ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் விலை. பழைய, முறிந்த சில்லுகளைத் தூக்கிப் போடாமல் ஒரு பெட்டியில் சேர்த்து வையுங்கள். பெட்டியிலிருந்து எடுத்துப் பிடிப்பானில் வைத்து, மறுபடி பெட்டிக்குள் வைப்பது வரை, கை நடுக்கம் நிற்கும்வரை, அந்தப் பழைய சில்லுகளில் பழகட்டும். பெண் பிள்ளைகளில் பூக்கட்டிப் பழகியவர்களுக்கும், தறியில் அறுந்த இழை முடிந்து பழகிய பையன்களுக்கும் இது சட்டென்று வந்துவிடுகிறது. அதை வாய்விட்டுச் சொல்லிப் பாராட்டுங்கள். வீட்டில் கற்ற கை ஆய்வகத்துக்கும் உதவும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

கருவி முன்னால் எப்போதும் இரண்டு பேர். ஒருவர் கை வைப்பார், மற்றவர் எழுதுவார். அரைமணிக்கு ஒருமுறை இடம் மாறட்டும்.

தறி, காற்று, மின்சாரம்

வெளிநாட்டுக் கையேடுகளில் இல்லாத பாடம் இது, நம் ஊரில் இதைச் சொல்லித் தராமல் முடியாது. எங்கள் கூடத்துக்குச் சற்றுத் தள்ளி விசைத்தறிகள் ஓடுகின்றன. நுனியை எதையும் தொடாமல் நிறுத்தி, வரும் இரைச்சலை அதிர்வெண் வாரியாகப் பிரித்துப் பார்ப்பதை எல்லாருக்கும் ஒரு பயிற்சியாகக் கொடுப்பேன். ஒருமுறை 2 ஹெர்ட்ஸில் ஒரு கூர்முனை தெரிந்தது. பம்பு, குளிர்சாதனம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். சோமனூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி திரையைப் பார்த்தபடி விரலால் மேசையில் தாளம் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மேடம், இது தறிங்க. எங்கூட்டுத் தறியில நாடா நிமிஷத்துக்கு நூத்திருவது வாட்டி ஓடுமுங்க." நிமிடத்துக்கு 120 என்றால் நொடிக்கு 2. கணக்கு அச்சாகப் பொருந்தியது.

2 ஹெர்ட்ஸ் பொல்லாத அதிர்வெண். காற்று மெத்தை வைத்த மேசைகளின் சொந்த அதிர்வெண்ணே பெரும்பாலும் 1 முதல் 2 ஹெர்ட்ஸ். தன் சொந்த அதிர்வெண்ணுக்குப் பக்கத்தில் வரும் அதிர்வை அந்த மேசை தடுக்காது, இன்னும் பெரிதாக்கிவிடும். பணம் இருந்தால் மின்னணு முறையில் எதிரதிர்வு கொடுக்கும் மேசை வாங்கலாம். இல்லாவிட்டால் கருங்கல் பலகையை ரப்பர் கயிற்றில் தொங்கவிடுங்கள். கல்லுக்கு நம் பக்கம் பஞ்சமில்லை. கணக்கு இப்படி: கல்லின் எடையில் கயிறு 25 சென்டிமீட்டர் நீண்டால் சொந்த அதிர்வெண் 1 ஹெர்ட்ஸ், 2 ஹெர்ட்ஸ் அதிர்வு மூன்றில் ஒரு பங்காகக் குறையும். 1 மீட்டர் நீண்டால் அரை ஹெர்ட்ஸ், அதே அதிர்வு பதினைந்தில் ஒரு பங்குதான் மேலே வரும். கயிறு சீராக நீளும் எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கல்லைப் பிள்ளைகளையே கட்டச் சொல்லுங்கள். கட்டின பிறகு மறுபடியும் இரைச்சலை அளக்கட்டும்.

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் மின்சாரத்தை நிறுத்தும் நாளை வீணாக்காதீர்கள். அன்றைக்குச் சுற்றுவட்டாரத்தில் ஒரு தறியும் ஓடாது, குளிர்சாதனமும் நின்றிருக்கும். யு.பி.எஸ். தாங்கும் நேரத்துக்குள் இரைச்சலை அளந்து, தறி ஓடும் நாளோடு ஒப்பிடலாம். எங்கள் கூடத்தில் அந்த இரண்டு வரைபடங்களையும் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கதவு ஜன்னலையெல்லாம் ஆட்டும். ஒலி மூடியைப் போட்டு, மின்விசிறியை நிறுத்தி, கதவிடுக்கை அடைத்துவிட்டு வேலை செய்யுங்கள். லேசரைப் போட்டு அரைமணி நேரமாவது காத்திருந்தால் வெப்ப நகர்வும் அடங்கும்.

விசை வளைகோடு

நுனியை இறக்கி அழுத்தி எடுக்கும்போது விசை எப்படி மாறுகிறது என்று காட்டும் கோடுதான் விசை வளைகோடு. இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். 1986இல் பின்னிக், குவேட், கெர்பர் மூவரும் செய்த முதல் கருவியில் கேன்டிலீவர் என்பது ஒரு தங்கத் தகடு, அதில் ஒட்டிய வைரத் துணுக்குதான் நுனி. இன்றைக்குச் சிலிக்கான் நைட்ரைடில் அச்சு வார்த்தாற்போல வருகிறது. ஆனாலும் அது ஒரு வில் என்பது மாறவில்லை. வில்லின் அளவு தெரியாமல் விசை தெரியாது.

முதலில் கண்ணாடி. சுத்தமான கண்ணாடியில் தண்ணீர்த் துளி விட்டு, அதற்குள் நுனியை இறக்கி அழுத்தி எடுக்கட்டும். கண்ணாடி அமுங்காது என்பதால் 100 நானோமீட்டர் கீழே தள்ளினால் கேன்டிலீவர் 100 நானோமீட்டர் வளைந்தாக வேண்டும். லேசர் காட்டும் வோல்ட் எத்தனை நானோமீட்டருக்குச் சமம் என்பது இதிலிருந்து கிடைக்கும். பிறகு லேசரை அசைக்காமல், பரப்பிலிருந்து விலக்கி, வெப்ப ஆட்டத்தைப் பதிவு செய்து வில் மாறிலியைக் கண்டுபிடிக்கலாம். 1993இல் ஹட்டரும் பெக்ஹோஃபரும் சொன்ன வழி. முதல் வாரம் போட்ட 4.1 கணக்கு இங்கே மறுபடி வரும்போது பிள்ளைகள் முகத்தைப் பாருங்கள்.

ஒரே கேன்டிலீவரை இரண்டு பேர் தனித்தனியாக அளவிட்டு எண்ணை ஒப்பிடட்டும். பத்து சதவீத வித்தியாசம் சகஜம். பெட்டியில் அச்சிட்டிருக்கும் வில் மாறிலியை அப்படியே எடுத்துக்கொள்ள அனுமதிக்காதீர்கள். உண்மை மதிப்பு அதில் பாதியாகவும் இருக்கலாம், இரட்டிப்பாகவும் இருக்கலாம்.

காற்றிலும் ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது. திரும்பி வரும்போது நுனி சட்டென்று விடுபடாமல் இழுபட்டு, பல பத்து நானோநியூட்டன் விசையில்தான் பிரியும். பரப்பின் மேலிருக்கும் ஈரப் படலம் நுனியைப் பிடித்துக்கொள்கிறது. தண்ணீருக்குள் போனால் அந்தப் பிடிப்பு மறைந்துவிடும். மெத்தென்ற பொருளை ஏன் திரவத்துக்குள் வைத்து அளக்கிறோம் என்று இதைப் பார்த்த பிறகு யாரும் கேட்பதில்லை.

அடுத்து, கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகரோஸில் செய்த ஜெல். ஒரு சதவீதக் கரைசலைக் கொதிக்கவைத்து, பெட்ரித் தட்டில் ஊற்றி ஆறவைத்தால் போதும். இப்போது நுனிக்குப் பதில் கண்ணாடி உருண்டை ஒட்டிய கேன்டிலீவர் வேண்டும். கூர்நுனி ஜெல்லைக் குத்திவிடும், உருண்டை அமுக்கும். அளப்பதற்கு முன் கணக்குப் போட வையுங்கள். உருண்டையின் ஆரம் 5 மைக்ரான், ஜெல்லின் யங் குணகம் (பொருளின் விறைப்பைச் சொல்லும் எண்) 10 கிலோபாஸ்கல், அரை மைக்ரான் அமுக்க வேண்டும். உருண்டை அமுக்கும் ஆழத்தையும் விசையையும் இணைக்கும் ஹெர்ட்ஸ் சமன்பாட்டின்படி (இது ஆள் பெயர், அதிர்வெண் அலகு இல்லை) தேவையான விசை சுமார் 14 நானோநியூட்டன். மீட்டருக்கு 0.1 நியூட்டன் கேன்டிலீவர் என்றால் 140 நானோமீட்டர் வளையும், நன்றாக அளக்கலாம். 40 நியூட்டன் கேன்டிலீவர் என்றால் 0.35 நானோமீட்டர்தான் வளையும். அது கூடத்து இரைச்சலிலேயே காணாமல் போய்விடும். எந்தப் பொருளுக்கு எந்தக் கேன்டிலீவர் என்பதை அட்டவணையைப் பார்த்து எடுக்கிற பழக்கம் இந்தக் கணக்குக்குப் பிறகு நின்றுவிடும்.

ஜெல்லில் இன்னொரு சங்கடம் உண்டு. கண்ணாடியில் வளைகோடு சட்டென்று முறிந்து ஏறும், தொட்ட இடம் பளிச்சென்று தெரியும். ஜெல்லில் அது மெல்ல மெல்ல எழும். எங்கே தொட்டது? ஒரே வளைகோட்டை அச்சிட்டு மூன்று பேருக்குக் கொடுத்து, தொட்ட புள்ளியைப் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். மூவருக்கும் குணகம் வெவ்வேறாக வரும். மென்பொருள் ஒரு பொத்தானில் தரும் எண்ணுக்குள் இந்தத் தடுமாற்றம் ஒளிந்திருக்கிறது என்று அப்போது புரியும். அமுக்கும் வேகத்தையும் பத்துப் பத்து மடங்காக மாற்றிப் பார்க்கட்டும். குணகமும் மாறினால், ஜெல்லுக்குள் தண்ணீர் நகர்வதும் பாலிமர் இழைகள் இளகுவதும் கணக்கில் சேர்ந்துவிட்டன. அப்படியானால் வேகத்தைச் சொல்லாமல் குணகத்தை மட்டும் எழுதக்கூடாது. படலம் மெலிதாக இருந்தால் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அமுக்க வேண்டாம், அடியில் இருக்கும் கண்ணாடியின் விறைப்பும் சேர்ந்துவிடும்.

இப்போது படம்

படத்துக்கு நான் கொடுக்கும் முதல் பொருள் பால்தான். காங்கேயம் மாட்டுப் பாலோ கலப்பின மாட்டுப் பாலோ, கறந்த பால், காய்ச்சாதது. பாக்கெட் பாலில் கொழுப்பு உருண்டைகளை உடைத்துச் சிறிதாக்கியிருந்தால் அவற்றின் மேல் பாலின் முக்கியப் புரதமான கேசீன் போய்ப் படிந்திருக்கும். காய்ச்சினால் பாலின் தெளிநீரில் இருக்கும் ஊநீர்ப் புரதமும் சிதைந்து கேசீனோடு ஒட்டிக்கொள்ளும். கறந்த பாலை மையவிலக்கியில் சுற்றி ஆடையை நீக்கிவிட்டால் மிச்சமிருப்பதில் கேசீன் உருண்டைகளைத் தேடலாம். பெரும்பாலும் 50 முதல் 500 நானோமீட்டர்வரை, சராசரியாக 150, 200 வாக்கில் இருக்கும்.

நீர்க்கச் செய்யும்போது வெறும் தண்ணீர் ஊற்றினால் உருண்டைக்குள் இருக்கும் கால்சியம் பாஸ்பேட் மெல்லக் கரைந்து வெளியேறும். கொஞ்சம் கால்சியம் சேர்த்து, பி.எச். 6.7 வைத்த பஃபர், அதாவது அமிலத்தன்மை மாறாமல் தாங்கும் கரைசல்தான் சரி. கால்சியத்தின் அருமை தெரிய ஒரு சோதனைக் குழாயில் ஆடை நீக்கிய பாலில், கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. கரைசல் விட்டுக் காட்டுங்கள். வெள்ளை மங்கி, குழாயின் மறுபக்கம் தெரிய ஆரம்பிக்கும். உருண்டைகள் கலைந்துபோயின.

கருவியில் வைக்கும் முன் ஒளிச்சிதறல் கருவியில் சராசரி அளவைப் பார்த்துவிடட்டும். அங்கே தூசிதான் எதிரி. சின்னத் துகள்களுக்கு ஒளிச்சிதறல் ஆரத்தின் ஆறாம் அடுக்காக ஏறும், அதாவது 10 மடங்கு பெரிய துகள் 10 லட்சம் மடங்கு சிதறடிக்கும். கொஞ்சம் தூசி விழுந்தாலும் சராசரி பெருத்துவிடும்.

மைக்காவும் கேசீன் உருண்டையும் தண்ணீரில் எதிர்மின்னூட்டம் கொண்டவை, ஒட்டாது. மைக்காவுக்கு நேர்மின்னூட்டம் கொண்ட பாலிலைசீன் பூசி, அலசி, அதன் மேல் பால் கரைசலை விட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பஃபரில் மெதுவாக அலசலாம். உலரவிடவே கூடாது. உலர்ந்தால் உருண்டைகள் தோசை மாவாகப் படிந்துவிடும்.

ஒரு உருண்டையைப் பிடித்துக்கொண்டு, 0.2 நானோநியூட்டனில் ஒரு படம், 1இல் ஒரு படம், 5இல் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். உயரம் குறைந்துகொண்டே வருவதைக் குறுக்குவெட்டில் பார்க்கலாம். கடைசியில் மறுபடியும் 0.2க்குத் திரும்பி வந்து, பழைய உயரம் மீள்கிறதா என்று பார்க்க வேண்டும். மீண்டால் அமுங்கி எழுந்தது, மீளாவிட்டால் சிதைந்தது. இந்த நாலு படத்தையும் எடுத்த பிள்ளை அதற்கப்புறம் எந்தப் படத்தின் கீழும் விசையைக் குறிக்காமல் விடுவதில்லை.

தயிராகும் கட்டத்தையும் பார்க்க ஆசைப்படுவார்கள். உறை ஊற்றினால் பாக்டீரியாக்களும் படத்தில் வந்து குழப்பும். குளுகோனோ டெல்டா லாக்டோன் போட்டால் தண்ணீரில் மெதுவாக அமிலமாகி பி.எச்.சைச் சீராக இறக்கும். 4.6 நோக்கி இறங்க இறங்க உருண்டைகளின் மின்னூட்டம் குறைந்து ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும்.

படம் வந்ததும் சந்தேகப்படப் பழக்குங்கள். ஸ்கேன் திசையை 90 டிகிரி திருப்பி மறுபடி எடுக்க வேண்டும். பொருளின் வடிவம் படத்தில் சுழலும், உடைந்த நுனி தந்த போலி வடிவம் சுழலாது. எல்லாத் துகளும் ஒரே பக்கம் ஒரே மாதிரி வாலோடு தெரிந்தால் நுனிதான் காரணம். போகும் வரியும் திரும்பும் வரியும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். துகளின் அகலத்தில் நுனியின் அகலமும் சேர்ந்திருக்கும், அதனால் அளவு சொல்ல உயரத்தை எடுங்கள். அந்த உயரத்துக்கும் விசை வேண்டும் என்பது மேலே சொன்னதுதான். குவிடியான் இலவச மென்பொருள், தமிழ்நாட்டுக் கல்லூரிக் கணினிகளில் தாராளமாக ஓடும். பரப்பைச் சமன்படுத்தும்போது துகள்களை மறைத்துவிட்டுச் செய்யாவிட்டால் அவற்றின் இருபுறமும் கருப்புப் பட்டை விழும், அதைப் பள்ளம் என்று எழுதிவிடுவார்கள். திருத்தாத மூலக் கோப்பை வேறு இடத்தில் பூட்டி வையுங்கள்.

தனியாகக் கருவியைக் கொடுக்கும் முன் நான் வைக்கும் சோதனை ஒன்றுதான். பெயர் எழுதாத இரண்டு தட்டு, ஒன்றில் அரை சதவீத அகரோஸ், மற்றதில் ஒன்றரை. எது எது என்று படம் எடுக்காமல், விசை வளைகோட்டை மட்டும் வைத்து, பிழை எல்லையோடு சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் சாவியைக் கொடுத்துவிடலாம்.

நம்மிடம் இல்லாத வேகமான கருவி தேவைப்பட்டால் ஐ-ஸ்டெம் தளத்தில் நாடு முழுக்க எந்தக் கூடத்தில் எது இருக்கிறது என்று தேடி நேரம் பதியலாம். அங்கே கிடைக்கும் ஓரிரு மணி நேரத்தை நுனி பழகுவதில் கழிக்காத அளவுக்கு நம் பிள்ளைகள் தயாராகப் போக வேண்டும். மாதிரியோடு சேர்த்து, பாலிலைசீன் பூசி, பால் விடாமல் பஃபர் மட்டும் விட்ட மைக்காத் துண்டு ஒன்றையும் எடுத்துப்போகச் சொல்லுங்கள். அங்கே முதலில் ஸ்கேன் செய்ய வேண்டியது பால் படாத அந்த மைக்காவைத்தான். அதில் தெரிவது எதுவும் பாலிலிருந்து வந்ததில்லை.